ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகம்: கமராவோடு போகிறவர்களுக்கு

ஐந்தாம் கூடத்துக்குள் நுழைந்ததும் கண் தெரியாது. பதற வேண்டாம்; கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். இருட்டு விலக விலக, முதலில் லங்காஸ்டர் என்ற குண்டுவிமானத்தின் கறுத்த வயிறு தெரியும். கூட்டம் அங்கேதான் நிற்கும். அதைத் தாண்டிப் போங்கள். தகடு உரிந்து, சட்டங்கள் வெளியே தெரிய, தரையோடு தரையாக ஒரு பெரிய விமானம் கிடக்கும். அதுதான் ஹாலிஃபாக்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரித்தானியக் குண்டுவிமானம். லண்டனில் கையில் கமரா உள்ள ஒருவர் ஒரு சதமும் கொடுக்காமல் போய்ப் பார்க்கக்கூடிய ஆகச் சிறந்த பொருள் இது என்பது என் கட்சி. மற்றக் கூடங்களை நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

இடம் வடமேற்கு லண்டனில் கொலின்டேல். நிலக்கீழ் ரயிலில் நோர்தேர்ன் பாதையில் வந்து கொலின்டேலில் இறங்கினால் மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் போய்விடலாம். நடக்க முடியாதவர்களை 303ஆம் இலக்க பஸ் வாசலருகே இறக்கிவிடும். கார் நிறுத்தக் காசு உண்டு. உள்ளே போகக் காசு இல்லை. கூடங்கள் சில நேரம் திருத்த வேலைக்காக மூடப்படும், விமானங்களும் இடம் மாறும். புறப்படுமுன் இணையத்தளத்தில் எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இந்த நிலமே ஒரு காலத்தில் விமானத்தளம். முதலாம் உலகப் போருக்கு முன்பே கிளோட் கிரகாம்-வைட் என்பவர் இங்கே ஓடுபாதையும் பறப்புப் பள்ளியும் தொழிற்சாலையும் வைத்திருந்தார். அவருடைய தொழிற்சாலைக் கட்டடம்தான் இப்போது இரண்டாம் கூடம். அருங்காட்சியகம் 1972 நவம்பரில் திறக்கப்பட்டது.

ஹாலிஃபாக்ஸின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் படம் வேறு மாதிரி வரும். எதைத் தேடிப் போகிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? அதன் இலக்கம் டபிள்யூ 1048. பிரித்தானிய விமானப்படையின் 35ஆம் அணியைச் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 27ஆம் திகதி இரவு ஸ்கொட்லாந்தின் கின்லொஸ் தளத்திலிருந்து கிளம்பியது. இலக்கு, நோர்வேயில் ட்ரொண்ட்ஹைமுக்கு அருகே, இரு பக்கமும் மலை நெருக்கும் ஒடுங்கிய கடற்கழி ஒன்றில் ஒளிந்திருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸ். இந்த அணியின் ஹாலிஃபாக்ஸ்கள் சுமந்து போனவை வழக்கமான குண்டுகள் அல்ல; உருண்டையான கண்ணிவெடிகள். கரைச் சரிவில் போட்டால் உருண்டு தண்ணீருக்குள் விழுந்து கப்பலின் அடியில் போய் வெடிக்கும் என்பது கணக்கு. கணக்கு பலிக்கவில்லை, டிர்பிட்ஸுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. தாழப் பறந்தவர்களைத்தான் மலையிலும் கரையிலும் இருந்த பீரங்கிகள் பதம் பார்த்தன. அடிபட்டு எரிந்துகொண்டிருந்த இந்த விமானத்தை அதன் ஓட்டுநர் டொன் மக்கின்டயர் ஹோக்லிங்கென் என்ற உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் வயிறு தேய இறக்கினார். எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். காலில் அடிபட்டு நடக்க முடியாமற்போன பொறியாளர் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். மற்றவர்கள் பனியில் நடந்து சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு அடியில் போய்விட்டது.

31 ஆண்டுகள் அது அந்த ஏரியின் அடியில் கிடந்தது. 1973இல் விமானப்படையின் சுழியோடிகளும் நோர்வேச் சுழியோடிகளும் சேர்ந்து மேலே கொண்டுவந்தார்கள். ஏரி என்றால் நன்னீர். அதுவும் குளிர்ந்த, ஒளி குறைந்த நன்னீர். கடலில் விழுந்திருந்தால் இவ்வளவு மிஞ்சியிருக்காது. அலுமினியத்துக்கு உப்பு எமன்.

இந்த விமானத்துக்கு அதுதான் முதல் தாக்குதல் பறப்பு. அதுவே கடைசியும். இதை மனதில் வைத்துக்கொண்டு அதே கூடத்தில் நிற்கும் லங்காஸ்டரின் மூக்கைப் பாருங்கள். போய் வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டுப் படம் என்று வரிசை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். அந்த விமானத்தின் கணக்கு 137 என்று சொல்லப்படுகிறது. அதன் கீழே ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கேரிங்கின் வாய்வீச்சையும் கேலியாக எழுதி வைத்திருக்கிறார்கள்: எதிரி விமானம் எதுவும் எங்கள் நாட்டின் மேல் பறக்காது என்று. லங்காஸ்டருக்கு முன்னால் நின்று தம்படம் எடுக்காதவர் இல்லை. நானும் அந்த மூக்கை எடுத்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அது துடைத்துப் பூசி நிறுத்திய விமானம். வண்ணத்தின் கீழே என்ன இருந்தது என்று படத்தில் வராது.

என் தொழில் கலியாண வீடும் சாமத்திய வீடும் படம் பிடிப்பது. ஹரோவிலிருந்து குரொய்டன் வரை எந்த மண்டபத்தில் எந்தத் தூணுக்குப் பின்னால் மின்செருகி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாரத்தில் பாதி நாள் கணினிக்கு முன்னால் இருந்து மணப்பெண்ணின் முகத்தில் உள்ள பருவையும் மாமனாரின் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பையும் அழித்துக்கொண்டிருப்பேன். காசு தருவது அந்த வேலைதான்; குறை சொல்லக் கூடாது. ஆனால் யாரும் அழிக்காத, யாரும் அழிக்கச் சொல்லாத ஒரு முகத்தை எடுக்க வேண்டும் என்ற ஆசை வரும்போது நான் ஐந்தாம் கூடத்துக்குப் போகிறேன்.

போன தடவை என் அக்காவின் மகனையும் கூட்டிப் போனேன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். பார்த்ததும் அவன் கேட்ட முதற் கேள்வி: "மாமா, இதை ஏன் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள்?"

நல்ல கேள்வி. பதிலுக்கு மற்ற இரண்டு ஹாலிஃபாக்ஸ்களின் கதையைச் சொன்னேன். போர்க் காலத்தில் ஆறாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். இன்று பார்க்கக் கிடைப்பவை மூன்றே மூன்று. ஒன்று கனடாவில், ரொறொன்ரோவிலிருந்து கிங்ஸ்டன் போகும் வழியில் உள்ள ட்ரெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதுவும் நோர்வே ஏரி ஒன்றின் அடியிலிருந்து, மியோசா ஏரியிலிருந்து, 1995இல் தூக்கியதுதான். கனடாக்காரர் பத்து ஆண்டு பாடுபட்டு ஆணி ஆணியாகப் புதுப்பித்து, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல நிறுத்தியிருக்கிறார்கள். மற்றது இங்கிலாந்தில் யோர்க்குக்கு அருகே. அதன் உடலின் ஒரு துண்டை லூயிஸ் தீவில் ஒரு தோட்டக்காரர் கோழிக்கூடாக வைத்திருந்தார். அதை வாங்கி, வேறு விமானத்தின் இறக்கைகளைப் பொருத்தி, இல்லாததை எல்லாம் புதிதாகச் செய்து ஒரு முழு விமானமாக்கிவிட்டார்கள். மூன்றாவது இது. ஏரி கொடுத்தபடியே விட்டிருக்கிறார்கள்.

"அப்படியென்றால் மூன்று விதமாகவும் செய்துவிட்டார்கள்," என்றான் மருமகன். "மூன்றிலும் எது சரி?"

புதுப்பித்த விமானத்தைப் பார்த்தால் விமானம் எப்படி இருந்தது என்று தெரியும். இதைப் பார்த்தால் விமானத்துக்கு என்ன நடந்தது என்று தெரியும். இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் கமராக்காரனிடம் கேட்டால் இரண்டாவதுதான். மூன்றையும் புதுப்பித்திருந்தால் எனக்கு இந்தப் பக்கம் வர வேலையே இருந்திருக்காது. இன்னும் மோசமாகவும் நடக்கலாம். எகிப்தியப் பாலைவனத்தில் 1942இல் இறங்கிய கிட்டிஹோக் போர்விமானம் ஒன்று 2012இல் கண்டுபிடிக்கப்பட்டது. 70 ஆண்டு வெயிலிலும் மணலிலும் வண்ணம் உரிந்து, வெறும் உலோகமாக, மணலில் அமர்ந்த நிலையிலேயே இருந்தது. அந்தப் படங்கள் உலகம் முழுவதும் சுற்றின. பிறகு எல் அலமெய்ன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டார்கள். 70 ஆண்டுப் பாலைவனம் சில வாளி வண்ணத்தில் போய்விட்டது. மருமகனுக்கு இரண்டு படத்தையும் கைபேசியில் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் திருத்துவதைப் பற்றிப் பேசவில்லை.

இனிப் படம் எடுக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

முழு விமானத்தையும் ஒரே சட்டத்துக்குள் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 30 மீட்டர். சுற்றிலும் மற்ற விமானங்கள் நெருக்கி நிற்கின்றன. அகன்ற லென்ஸ் போட்டு எப்படியாவது உள்ளே அடக்கினாலும், பின்னால் வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கும், யாரோ ஒருவரின் தள்ளுவண்டியும், அமெரிக்கக் குண்டுவிமானம் ஒன்றின் வாலும் சேர்ந்து வரும். பார்த்தால் பழைய இரும்புக் கடை போல இருக்கும். நான் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் 85 ஒன்றையும் மட்டும் கொண்டு போவேன். பெரும்பாலும் 85தான் வேலை செய்யும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே உடலின் ஒரு முழத் துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம்.

அந்த ஒரு முழத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தகடு தின்னப்பட்டுப் போன இடத்தில் விளிம்பு காகிதம்போல மெலிந்து, ஓட்டை ஓட்டையாக முடிகிறது. அதன் பின்னால் உள்ளே ஓடும் குறுக்குச் சட்டம் தெரிகிறது. சட்டத்தில் சீரான இடைவெளியில் துளைகள். அவற்றில் சில துளைகளில் தறையாணி இன்னும் தலை நிமிர்ந்து நிற்கிறது, அது பிடித்துக்கொண்டிருந்த தகடு மட்டும் இல்லை. இந்த ஆணிகளை அடித்த கைகளில் பெண்களின் கைகளும் இருந்திருக்கும். போர்க் காலத் தொழிற்சாலைகளில் ஆண்களுக்குப் பஞ்சம். ஒரு வரிசை ஆணிகளைக் குவியத்தில் வைத்து, பின்னால் உள்ள இருட்டை இருட்டாகவே விட்டு எடுத்த படம் ஒன்று என் வரவேற்பறையில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ கோயில் கோபுரத்தின் பகுதி என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

கறுப்பு வெள்ளையாக மாற்றும் ஆசை வரும். எல்லோருக்கும் வரும், பழைய விமானம் அல்லவா? மாற்றாதீர்கள். இந்த விமானத்தில் நிறந்தான் சாட்சி. அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடி பூக்கும். உருக்கால் செய்த பாகங்கள் செந்துருப் பிடித்துக் காவியாகும். செம்பு கலந்த குழாய்களும் இணைப்புகளும் பச்சை பாரிக்கும். ஒரே படத்தில் வெள்ளை, காவி, பச்சை மூன்றும் இருந்தால் அங்கே மூன்று உலோகம் இருக்கிறது என்று பொருள். இரவு விமானங்களின் அடிப்புறத்துக்கு அடித்த கறுப்பு வண்ணத்தின் மிச்சமும் இருக்கும். சாம்பல் நிறமாக எல்லாவற்றையும் கலக்கிவிட்டால் துருவுக்கும் வண்ணத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

வெளிச்சம் குறைவு என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. குறைவுதான். காரணமும் இருக்கிறது: பழைய வண்ணத்துக்கும் துணிக்கும் ரப்பருக்கும் ஒளி நஞ்சு. எனக்கு அந்தக் குறைவே பிடிக்கும். மேலிருந்து அங்கங்கே விழும் விளக்கு, உடலின் பக்கவாட்டில் சரிந்து படுகிறது. சரிந்த ஒளியில்தான் குழியும் மேடும் தெரியும். நேரே முகத்தில் அடிக்கும் ஒளியில் இந்த விமானம் சப்பையாகிவிடும். அதனால் ஃப்ளாஷைப் பையை விட்டு எடுக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குத் தொல்லை என்பது இரண்டாவது காரணம். துளையை எஃப் 2 அல்லது 2.8இல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 3200க்கோ 6400க்கோ தாராளமாக ஏற்றுங்கள். அப்படி ஏற்றும்போது இப்போதைய கமராக்களில் வரும் புள்ளிகள் அச்சில் தெரியாது, தெரிந்தாலும் இந்தப் பரப்பில் யாருக்கும் வித்தியாசம் புரியாது. விளக்கு விழும் இடம் வெளிறிப் போகாமல், அந்த இடத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். நிழலை வீட்டில் வந்து தூக்கலாம். வெளிறிப்போன இடத்தை யாராலும் மீட்க முடியாது. கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுக்க வேண்டும். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு நிறத்தில் எரிவதால் கமரா தானாக முடிவு செய்யும் வெள்ளைச் சமநிலையை நம்ப முடியாது. நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சாம்பல் அட்டை ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும்.

ஷட்டர் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. சில எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் போட்டு எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழலாம். இந்த நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வினாடியில், பொறிமுறை ஷட்டரில் எடுத்தால் அந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை. ட்ரைபாட் கொண்டு போவதை நான் விட்டுவிட்டேன். ஓடித் திரியும் பிள்ளைகளின் கால் தட்டுப்படும். தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு முடித்தபின் அழுத்தினால் 1/50இல் 85 லென்ஸும் அசையாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சிறு பொருட்களை எடுக்க ரப்பர் முகப்பு ஒன்று தேவை. அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு வராது. கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள். கலியாண மண்டபத்தில் நாங்கள் கறுப்புப் போடுவதற்கும் அதுதான் காரணம். துக்கம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பொருளையும் எடுத்த கையோடு அதன் விளக்கப் பலகையையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் எல்லா இயந்திரமும் ஒரே இயந்திரமாகத் தெரியும்.

இவ்வளவும் கமரா வைத்திருப்பவருக்கு. கைபேசி மட்டும் இருந்தால் மனம் தளர வேண்டாம். இரவுப் பயன்முறையில் கைபேசி பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. விமானம் ஆடாது, அசையாது. அடுக்குவதற்கு இதைவிட வாய்ப்பான பொருள் இல்லை. மருமகன் கைபேசியில் எடுத்த ஒரு படத்தை என் நண்பர் ஒருவர் என்னுடையது என்று நினைத்துப் பாராட்டினார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

வார நாள் காலையில், கதவு திறந்ததும் போவது உத்தமம். பள்ளிப் பிள்ளைகளின் பஸ்கள் வர முன் கொஞ்ச நேரம் கூடம் முழுவதும் உங்களுடையது. பள்ளி விடுமுறையில் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். காவலர்கள் யாரும் வந்து இதை எடுக்காதே, அதை எடுக்காதே என்று சொன்னதில்லை. வேறொரு நாட்டில், பெயர் வேண்டாம், ஒரு போர் அருங்காட்சியகத்தில் கமராவைப் பூட்டி வைத்துவிட்டு வா என்றார்கள். உள்ளே போனால் எல்லோர் கையிலும் கைபேசி. இங்கே அந்தக் கூத்து இல்லை. தொண்டர்களாக வேலை செய்யும் வயதானவர்கள் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். பேசவிடுங்கள். பலகையில் எழுதாதது அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். விமானத்தை நான் முதலில் அறிந்தது காதால்தான். "பொம்மர்" என்ற ஒரு சொல்லுக்கு வீடு முழுவதும் எழுந்து, பனங்குற்றி போட்டு மண்மூட்டை அடுக்கிய பதுங்கு குழிக்குள் இறங்கிவிடும். குழிக்குள் தேளை விட விமானச் சத்தத்துக்குத்தான் பயம். அதனால் குண்டுவிமானத்தைப் பார்த்து வீரம், அழகு என்று உருக என்னால் முடியாது. கூடத்தில் எழுதியிருக்கிறது, பிரித்தானியக் குண்டுவிமானப் படையில் 55,573 பேர் இறந்தார்கள் என்று. அது பெரிய இழப்பு. படித்துவிட்டு நிற்கத்தான் தோன்றும். ஆனால் அந்த 137 குண்டுப் படங்களைப் பார்க்கும்போது என் கண் ஒவ்வொரு குண்டின் கீழும் ஒரு ஊரைத் தேடும். கீழே இருந்தவர்களுக்கு ஒரு பலகை, ஒரு முகம் என்று இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். பக்கத்தில் நின்று விமானத்தின் அழகை வியந்தவர்களிடம் இதைச் சொல்லிச் சண்டை பிடிக்க நான் போகவில்லை. நான் ஹாலிஃபாக்ஸ் பக்கம் போய்விடுவேன். அது விழுந்த விமானம். விழுந்த விமானத்தை நிதானமாகப் பார்க்க எனக்கு முடிகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வளாகத்தில் உள்ள ஜெர்மானிய ஸ்டூக்கா முக்கியமானது. கீழ்நோக்கிப் பாய்ந்து குண்டு போடும் அந்த விமானத்தில் ஓரளவு முழுமையாக மிஞ்சியவை உலகத்தில் இரண்டுதான்; மற்றது சிகாகோவில். ஆனால் வளைந்த இறக்கை முழுவதும் சட்டத்துக்குள் வர ஒரு கோணமும் கிடைப்பதில்லை. சக்கரத்தையும் இறக்கை மடிப்பையும் எடுத்துவிட்டு வாருங்கள். இத்தாலிய ஃபியாட் இரட்டை இறக்கை விமானம் ஒன்றும் உண்டு. 1940 நவம்பரில் இயந்திரக் கோளாறோடு ஓர்ஃபர்ட் நெஸ் கடற்கரையில் வந்து இறங்கியது. 1940இல் இன்னும் திறந்த இருக்கையில் காற்றில் நனைந்துகொண்டு ஒருவர் போருக்கு வந்திருக்கிறார் என்பதை அதன் முகத்தருகே நின்று எடுத்தால்தான் உணர முடியும். புகழ்பெற்ற போர்விமானமான ஸ்பிட்ஃபயரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை எடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிதைவுகளில் ருசி வந்துவிட்டால் அடுத்தது கொஸ்ஃபர்ட். இதே அருங்காட்சியகத்தின் கிளை, பேர்மிங்காமுக்கு அப்பால். 1940 ஆகஸ்ட் 26ஆம் திகதி கென்ற் கரைக்கு அப்பால் கடலில் விழுந்த டோர்னியர் 17 குண்டுவிமானம் ஒன்றை 2013 ஜூனில் குட்வின் மணற்திட்டிலிருந்து தூக்கி அங்கே கொண்டுபோனார்கள். அந்த வகையில் மிஞ்சியதாக அறியப்பட்ட ஒரே விமானம். நான் மேலே சொன்ன உப்பின் கதை இங்கே வருகிறது. கடலிலிருந்து எடுத்த அலுமினியத்தைச் சும்மா விட்டால் உள்ளே ஏறிய உப்பு காற்றுப் பட்டதும் வேகமாகத் தின்னத் தொடங்கும். அதனால் தோட்டக்காரர் பயன்படுத்தும் பொலித்தீன் கூடாரம் இரண்டு போட்டு, அதற்குள் விமானத்தை வைத்து, சித்திரிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் மேலே தெளித்துக்கொண்டே இருந்தார்கள். தேசிக்காயில் இருக்கும் அதே அமிலம். பாசியும் சிப்பியும் கழன்று விழ, உப்பும் மெல்ல வெளியேறியது. முறையை வகுத்துக் கொடுத்தவர்கள் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள். பராமரிப்புக் கூடத்துக்குள் பொதுமக்களை எப்போதும் விடமாட்டார்கள். என்றைக்குத் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்கு உள்ளேயே தேநீர்ச்சாலை இருக்கிறது. விலை லண்டன் விலை. நான் வீட்டிலிருந்து சம்பலும் பாணும் கட்டிக்கொண்டு போய் வெளியே புல்வெளி வாங்கில் இருந்து சாப்பிடுவேன். பிள்ளைகளுக்கு விளையாட வெளியே இடம் இருக்கிறது. கடையில் விமானப் பொம்மைகள் அழகானவை. பிள்ளைகளோடு போகிறவர்கள் கடையைக் கடக்கும்போது வேகமாக நடக்கவும்.

சொந்த விருப்பத்துக்குப் படம் எடுப்பவரை இங்கே யாரும் கேட்பதில்லை. காசுக்கு எடுப்பதானால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். நான் இதை விசாரித்தது ஒரு கலியாணச் சோடிக்காக. மாப்பிள்ளைக்கு விமானப் பைத்தியம்; கலியாணத்துக்கு முந்திய படங்களை ஸ்பிட்ஃபயருக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று நின்றார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய் ஹாலிஃபாக்ஸ் படங்களை விரித்துக் காட்டினேன். அந்தச் சரிந்த ஒளியில் சிவப்புப் பட்டுச் சேலை எப்படி எழும்பும் என்று விளக்கினேன். பெண் உடனே சம்மதித்துவிட்டார். தேநீர் கொண்டுவந்த பெண்ணின் தாயார் படத்தை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நல்ல காரியம் நடக்கப்போகிற நேரத்தில் விழுந்து நொறுங்கிய விமானத்துக்கு முன்னாலா பிள்ளையை நிறுத்தப் போகிறீர்கள்?"

"அதில் போன எல்லோரும் உயிர் தப்பினார்கள், அம்மா," என்றேன்.

"அது அவர்களுடைய அதிர்ஷ்டம்," என்று கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் ரிச்மண்ட் பூங்காவில் மான்களுக்கு முன்னால் எடுத்தோம். அங்கேயும் அனுமதி எழுதித்தான் வாங்க வேண்டியிருந்தது. மான்களைப் பற்றி மட்டும் அந்த அம்மாவுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.